இருபுறமும் நகல்

கார்த்திகையில் காப்பிப் பழம் சிவந்தால் ஆள் மலையேறும்.
ஆள் ஏறினால் ஸ்டேஷனில் லிஸ்ட் கேட்பார்கள்.
லிஸ்ட் என்றால்
ஏற்காடு ஒண்டிக்கடையில் என் ஜெராக்ஸ் மிஷின்.
ஒரு பக்கம் இரண்டு ரூபாய்,
முன்னும் பின்னும் மூன்று.

எஸ்டேட் ரைட்டர் பொன்னுரங்கம்
ரப்பர் பேண்ட் போட்ட கட்டை மேசையில் வைத்தார்.
நாற்பத்தொரு ஆதார்.
ஜார்க்கண்ட், ஜார்க்கண்ட், ஒடிசா, அசாம்.
பாதிப் பேருக்குப் பிறந்த நாள் ஜனவரி ஒன்று.
"ஊருக்கே ஒரே நாள்ல பிரசவமா?" என்று சிரித்தார்.
நான் சிரிக்கவில்லை.
பள்ளிக்கூடத்தில் சேர்த்த வாத்தியார்
எனக்கு எழுதியது ஜூன் ஒன்று.

வெளி பெஞ்சில் டீயும் தகராறும்.
"இவனுங்க வந்துதான் நம்ம கூலி ஏறல."
"நம்ம பசங்க திருப்பூருக்கு இறங்குனாங்க,
அதான் இவன் ஏறுனான்"
என்றார் ஜீப் ஓட்டும் அல்போன்ஸ்.
"வரட்டும்யா, கணக்குல வரட்டும்."
"கணக்குல வந்தா பி.எஃப். கட்டணும்.
எந்த ஓனர் கட்டுவான்?"
அதற்கப்புறம் கொஞ்ச நேரம்
டீயை உறிஞ்சும் சத்தம் மட்டும்.

என் நாத்தனாருக்குப் போன வருஷம்
இதே எஸ்டேட்டில் வேலை இல்லை என்றார்கள்.
அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.
அதையும் சொல்லிவிட வேண்டும்.

இருபத்தேழாவது அட்டை ரொபியுல்.
மால்டா மாவட்டம்.
பன்னிரண்டு இலக்கத்தையும் எங்கோ பார்த்த மாதிரி இருந்தது.
கட்டைப் புரட்டினேன்:
ஒன்பதாவது அட்டை, அதே எண்,
வேறு முகம், வேறு அப்பா.

ரொபியுலை எனக்குத் தெரியும்.
சனிக்கிழமை ரீசார்ஜுக்கு வருவான்.
பழச்சாறு காய்ந்து கறுத்த விரலால்
சில்லறையை ஒவ்வொன்றாய்த் தள்ளி எண்ணுவான்.
ஊர் எது என்று ஒருமுறை கேட்டதற்கு
போனில் ஓர் ஆற்றைக் காட்டினான்.
வீடு இருந்த இடத்தில் தண்ணீர்.
எந்தக் கரை என்று நான் கேட்கவில்லை.

முந்தின இரவுதான் கிள்ளானிலிருந்து அவர் பேசினார்.
பர்மிட் முடிந்து இரண்டு வருஷம்,
பாஸ்போர்ட் முதலாளி பீரோவில்.
லாரி வந்தால் பின்பக்கச் சாக்கடை வழியாக ஓட்டம்.
பர்மிட் இல்லாதவனை அங்கே கோசோங் என்பார்களாம்.
பூஜ்யம் என்று அர்த்தமாம்.
"பூஜ்யம் எப்படிடா மாசாமாசம் பணம் அனுப்பும்?"
என்று கூட இருப்பவன் கேட்டானாம்.
சொல்லிவிட்டுச் சிரித்தார்.
பிறகு இருமல்.

அட்டையைக் கண்ணாடியில் கவிழ்த்தேன்.
வெளிச்சம் இடமிருந்து வலம் போனது.
காகிதத்தில்
முகம் இருந்தது, பெயர் இருந்தது,
எண் இருக்க வேண்டிய இடத்தில் மாசிப் பனி.
எந்தப் பொத்தானை அழுத்தினேன் என்று கேட்காதீர்கள்.
பழைய மிஷின்.

பொன்னுரங்கம் நூற்றிருபதுதான் கொடுத்தார்.
மூன்று ரூபாய் பாக்கி.

மறுநாள் ஏட்டு போன் செய்தார்.
"ஏம்மா, இருபத்தேழு சரியா விழலியே?"
"டோனர் சேலத்துல இருந்து வரணும் சார்.
மலைப்பாதையில மண் சரிவாம்.
திங்கக்கிழமை ஆகும்."
"அந்தப் பையன் நம்ம பக்கம்தானே?"
எந்தப் பக்கம் என்பது
எனக்கு உடனே விளங்கவில்லை.
"வரான், போறான் சார்" என்றேன்.

மேசைக்கு அடியில்
பிரிக்காத டோனர் டப்பா காலில் இடித்தது.
இது சரியா என்று கேட்டால்
நாத்தனார் முகத்தைப் பார்க்க எனக்குக் கூசும்.
கிள்ளானில் யாரோ ஒருத்திக்கும்
இன்றைக்கு மிஷின் ரிப்பேராக இருக்கட்டும்
என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

ஞாயிறு காலை எஸ்டேட் லாரி போயிற்று.
பனியில் முகம் தெரியவில்லை.
தலைகளை எண்ணத் தொடங்கி
இருபது வரை வந்தேன்.
வளைவு திரும்பிவிட்டது.